முட்டையும் தண்ணீர் குடிக்கும்

கோழியை அடை வைத்துப் பழகியவர்களுக்கு முட்டையைப்பற்றி இனி அறியவேண்டியது யாதுமில்லை என்றோர் எண்ணம் எப்படியோ உண்டாகிவிடுகின்றது. அந்த எண்ணத்தினால் இவ்வாண்டு இரண்டு முட்டைகளைக் கெடுத்த பழிக்கு நான் ஆளானேன். அவை கோழிமுட்டைகள் அல்ல. நான் தொட்டவையும் அல்ல. கடல்கடந்து ரொறன்ரோ நகரில் என் பேரன் பெட்டியில் வைத்துக் காத்திருந்த பல்லிமுட்டைகள்.

பேரனுக்கு வயது 13. நாய் வேண்டுமென்று இரண்டு வருடமாகக் கேட்டான். மாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்க இயலாது என்று மறுத்த என் மகளும் மருமகனும், குரைக்காத பிராணி எதுவாயினும் வாங்கித் தருவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். அவன் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு சோடி சிறுத்தைப் பல்லி. பல்லி என்றதும் வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். மஞ்சள் மேனியிற் கரும்புள்ளிகளும், கொழுத்த வாலும், நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத கண்ணிமைகளும் உடைய சாதுவான பிராணி அது. சுவரில் ஏறவும் அறியாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட கற்பாங்கான நிலங்கள் அதன் தாயகம். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல தலைமுறைகளாகக் கூட்டிலேயே பெருகி, இன்று அங்கே கிளியும் முயலும் போல வீட்டுப் பிராணியாகிவிட்டது.

பெப்ரவரி மாதத்தில் அது முதலிரண்டு முட்டைகளை இட்டது. ஒரு தடவைக்கு இரண்டுதான் இடும். மூன்று நான்கு கிழமை கழித்து மீண்டும் இரண்டு இடும். பேரன் அவற்றை ஒரு பெட்டியில் வைத்து, நாளுக்கு நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்து மகிழ்ந்தான். ஒன்பதாம் நாள் தொலைபேசியில் அழைத்தான்.

"அம்மப்பா, முட்டை ரெண்டும் குழி விழுந்து போச்சுது."

அழுகையை அடக்கிக்கொண்டு அவன் சொன்னது குரலிலேயே தெரிந்தது. அடுத்த சோடிக்கு அவ்வாறு நேராதிருக்க வழி கேட்டான். குஞ்சு பொரிக்கும் நாளை அண்டி என் தாயார் அடைக்கோழியை எழுப்பிவிட்டு, முட்டைகளின்மேல் இளஞ்சூட்டுத் தண்ணீரை விரலாற் தெளித்தது என் நினைவுக்கு வந்தது. "காலமையும் பின்னேரமும் முட்டைமேல தண்ணி தெளிச்சுக்கொண்டு வா ராசா" என்றேன். அவனும் அவ்வாறே செய்தான். எட்டாம் நாள் இருட்டறையில் மின்விளக்கின் ஒளியை முட்டைக்குப் பின்னாற் பிடித்துப் பார்த்தபோது, இளஞ்சிவப்பான உட்புறத்திலே மெல்லிய செந்நரம்புகள் ஓடக் கண்டதாகத் துள்ளிக் குதித்தான். இரண்டாம் கிழமை முடிவில் அம்முட்டைகள் ஊதிப் பளபளத்தன. பின்பு நிறம் மங்கிப் பூஞ்சணம் பிடித்தன.

முதற்சோடி வரட்சியாற் போயிற்று; இரண்டாஞ்சோடி என் அறிவுரையாற் போயிற்று. அதுவும் உயிர் உண்டானபின் போயிற்று. "கோழிமுட்டைக்குச் சரியெண்டால் இதுக்கு ஏன் சரிவரேல்லை, அம்மப்பா?" என்று அவன் கேட்ட கேள்விக்கு விடைதேடி நான் படித்தறிந்தவற்றையே இக்கிழமை எழுதுகின்றேன்.

கோழிமுட்டை ஒரு கட்டுச்சோறு. குஞ்சுக்கு வேண்டிய உணவு மஞ்சட்கருவிலும், வேண்டிய தண்ணீர் பெரும்பாலும் வெண்கருவிலும் கட்டித் தரப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து அது ஒருதுளி தண்ணீரையும் எதிர்பார்ப்பதில்லை. மாறாக, அடைகாக்கும் 21 நாளிலும் ஓட்டின் நுண்துளைகள் வழியே நீரை ஆவியாக இழந்துகொண்டே இருக்கும். தொடக்க நிறையில் நூற்றுக்கு 12 பங்கு அளவு குறைவது வழக்கம். அவ்வாறு குறைந்தாற்றான் முட்டையின் பருத்த முனையிலே காற்றறை வேண்டிய அளவு பெருகும். குஞ்சு தன் முதன்மூச்சை எடுப்பது அந்த அறையிலே. ஆகவே கோழிமுட்டையை அடைகாப்பவர் செய்வது நீர் அளவாக வெளியேற விடுவதே.

சிறுத்தைப் பல்லியின் முட்டை வேறுவகையானது. அதன் ஓடு ஓடன்று. பதப்படுத்திய தோல் போன்ற மென்சவ்வு. உள்ளே வெண்கரு மிகவும் அற்பம். தாய் மஞ்சட்கருவை நிறைவாக வைத்து, தண்ணீர் கொடுக்கும் பொறுப்பை மண்ணிடம் விட்டுவிடுகின்றது. அம்முட்டை இட்ட கணம் முதல் தான் கிடக்கும் ஈரமண்ணிலிருந்து நீரை உறிஞ்சிப் பருக்கத் தொடங்குகின்றது. நம் வேலியோரத்து ஓணானின் முட்டையும், பெரும்பாலான பாம்புகளின் முட்டையும் இவ்வினத்தனவே. பொரிக்குமுன் இத்தகைய முட்டைகள் பல, இட்ட நாளில் இருந்ததிலும் ஒன்றரை மடங்கு நிறையை எட்டுவதுண்டு. சில இருமடங்கையும் எட்டும். கோழிமுட்டை மெலிந்து பொரிக்கும். ஓணான்முட்டை கொழுத்துப் பொரிக்கும்.

"அப்படியானால் எங்கள் வீட்டில் புத்தக அலுமாரிக்குப் பின்னாலும் சுவாமி படத்துக்குப் பின்னாலும் கிடக்கும் பல்லிமுட்டைக்கு யார் தண்ணீர் கொடுக்கின்றார்கள்?" என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. நம் வீட்டுச் சுவர்ப்பல்லியின் முட்டை இடும்போது மென்மையாயிருந்து, காற்றுப் பட்டதும் சுண்ணாம்பு போல் இறுகிவிடும். தனக்கு வேண்டிய நீரை உள்ளே அடைத்துக்கொண்டு, துளி ஈரமில்லாத இடத்திலும் அது பொரிக்கின்றது. முதலையின் முட்டைக்கும் நட்சத்திர ஆமையின் முட்டைக்கும் வன்மையான ஓடே உண்டு. பெயரில் இரண்டும் பல்லியாயினும், தண்ணீர்க் கணக்கில் சிறுத்தைப் பல்லி ஓணானுக்கே உறவு. ஆகவே இன்ன பிராணியின் முட்டை எவ்வகை ஓடு உடையது என்று அறிந்த பின்னரே எதனையும் செய்தல் வேண்டும்.

ஓணானைப் பற்றி இன்னுமொரு செய்தி. பெண் ஓணான் மழைக்குப் பின்பு ஈரமண்ணைத் தோண்டியே முட்டையிடும். ஈரமண் கிடைக்காவிடின் முட்டைகளை வயிற்றிலேயே தாங்கிக்கொண்டு காத்திருக்கும். அவ்வாறு காத்திருக்கும்போது முட்டைக்குள் முளையத்தின் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதைத் தார்வாட் நகரிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். தாய்க்கே இவ்வளவு கவலையுள்ள காரியத்தை நான் ஒரு விரற்றெளிப்பில் முடித்துவிடப் பார்த்தேன்!

இனி, ஈரம் என்பது என்ன என்று பார்ப்போம். எவ்வளவு தண்ணீர் இருக்கின்றது என்பது கேள்வியின் பாதி. அத்தண்ணீரை மண் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றது என்பது மற்றப் பாதி. தோட்டக்காரர் இதனை நன்கு அறிவர். ஒரே அளவு தண்ணீரை ஒரு கடகம் மணலுக்கும் ஒரு கடகம் களிமண்ணுக்கும் ஊற்றிப் பாருங்கள். மணலில் நட்ட நாற்று அந்த நீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளும். களிமண்ணிலோ கையில் ஈரந்தட்டும்போதே நாற்று வாடும். நுண்ணிய துகள்களின் பிடியிலிருந்து வேர் அந்த நீரைப் பறிக்க மாட்டாது. முட்டையும் ஒரு வேர் போன்றதே. உள்ளேயுள்ள உப்பும் புரதமும் கரைந்த பாயம் நீரைத் தன்பால் இழுக்கின்றது. வெளியேயுள்ள மண் தன்பால் இழுக்கின்றது. மண்ணின் பிடி தளர்ந்திருந்தால் நீர் முட்டைக்குட் செல்லும். மண் உலர்ந்து பிடி இறுகினால், முன்பு உட்சென்ற நீரும் வெளியேறும், முட்டை குழிவிழும். பாடசாலையிற் பிரசாரணம் என்று படிப்பது இதுவேதான்.

இவ்விழுபறியின் பலன் குஞ்சின் உடம்பிலே தெரியும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரி பக்கார்ட், மேரி பக்கார்ட் என்னும் இருவரும் 1980களில் வடஅமெரிக்க நன்னீர் ஆமைகளின் முட்டைகளை வெவ்வேறு ஈரநிலைகளில் வைத்துப் பார்த்தனர். ஈரம் மிகுந்த இடத்தில் வைத்தவை சற்றுக் கூடுதலான நாள் எடுத்துப் பெரிய குஞ்சுகளாக வெளிவந்தன. ஈரங்குறைந்த இடத்தில் வைத்தவை முந்திப் பொரித்தன, குஞ்சுகள் சிறியன, உண்ணாத மஞ்சட்கரு வயிற்றில் மிஞ்சியிருந்தது. சோறு இருந்தும் தண்ணீர் இல்லாமற் சாப்பிட முடியாத பிள்ளையின் நிலை அது.

அப்படியாயின் தண்ணீரைத் தாராளமாக விட்டாலென்ன? அதுதான் நான் செய்த பிழை. மென்சவ்வின் வழியே நீர் மட்டுமன்று, மூச்சும் நடக்கின்றது. முளையத்துக்கு வேண்டிய ஒட்சிசன் அவ்வழியே உள்ளே வரவேண்டும்; காபனீரொட்சைட்டு அவ்வழியே வெளியேற வேண்டும். முட்டையின் மேற்புறத்தில் நீர்ப்படலம் படிந்தால் அவ்வழி அடைபடும். வரண்ட முட்டை பல நாட்கள் முறையிட்டுக்கொண்டு கிடக்கும். நனைந்த முட்டை ஓசையின்றி மூச்சுமுட்டிப் போய்விடும். ஆதலால் இரண்டில் ஒன்றுக்கு இடங்கொடுக்க வேண்டி வந்தால், சற்றுக் குறைந்த ஈரத்துக்கே இடங்கொடுப்பேன்.

மூன்றாஞ்சோடிக்கு நாங்கள் கைக்கொண்ட முறையைச் சொல்கின்றேன். அங்கே வேர்மிகியூலைற் என்று ஒரு பொருளை நாற்றுமேடைக்காக விற்கின்றார்கள். அபிரகம் போன்ற ஒரு கனிமத்தைச் சூடாக்கிப் பொரித்தது. பொரி போலவே இலேசானது. நீரை உறிஞ்சும், அழுகாது. தென்னந்தும்புத்தூளைக் கட்டியாக அழுத்தியும் விற்கின்றார்கள். அது நம் நாட்டிலிருந்தும் கப்பலேறிப் போகும் சரக்காதலால் அதனையே வாங்கும்படி சொல்ல எனக்கு ஆசைதான். ஆயினும் அது தாவரப்பொருள், பூஞ்சணத்துக்கு இரையாகக்கூடியது. தேசபக்தியைச் சற்று ஒதுக்கிவைத்தேன்.

உலர்ந்த வேர்மிகியூலைற் 100 கிராமுக்குத் தண்ணீர் 100 கிராம். கண்மதிப்பாக அன்று, தராசில் நிறுத்தே. கையில் அள்ளி நெரித்தால் கட்டியாக வேண்டும், துளி சிந்தலாகாது. இறுக மூடக்கூடிய ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் இதனை இட்டு, விரலாற் குழி செய்து, முட்டைகள் பாதி புதையும்படி வைத்தான். புதைந்த பாதி தண்ணீர் குடிக்கும். வெளிநின்ற பாதி மூச்சுவிடும். மூடியின் ஓரத்தில் ஊசித்துளை நாலைந்து போதும்.

முட்டையை எடுக்கும்போது மேற்புறம் எதுவோ அதில் பென்சிலாற் சிறு புள்ளி இட்டுக்கொண்டான். அந்தப் புள்ளி கடைசிவரை மேலேயே இருக்கவேண்டும். அடைக்கோழி தன் முட்டையை நாடோறும் புரட்டும், புரட்டாவிடிற் கேடு. ஊர்வனவற்றின் முட்டையிலோ முளையம் முதலிரண்டொரு நாளிலேயே மேற்புறத்துச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பின்பு புரட்டினால் அது கிழிந்தோ நெரிந்தோ இறக்கக்கூடும். இங்கும் கோழிக்கணக்கு உதவாது.

அதன்பின் பெட்டி முழுவதையும் மூடியோடு நிறுத்தான். பெட்டி 40, வேர்மிகியூலைற் 100, தண்ணீர் 100, முட்டைகள் 6. ஆக 246 கிராம். அந்த எண்ணை மூடியில் எழுதினான். மாணவர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். முட்டை நீரைக் குடித்தாலும் அந்த நீர் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றது. மொத்த நிறை மாறாது. நிறை குறைந்தால், குறைந்த அளவு தண்ணீர் பெட்டியை விட்டு ஆவியாகப் போய்விட்டது என்பதே பொருள். கிழமைக்கொருமுறை நிறுத்து, எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை கிராம் தண்ணீரைப் பெட்டியின் சூட்டுக்குச் சமமாக்கி, முட்டையிற் படாமல் பெட்டியின் ஓரமாகச் சொட்டுச்சொட்டாக விட்டான். நிறுக்கத் திறக்கும் அந்த ஓரிரு நிமிடமே காற்று மாற்றத்துக்கும் போதுமானது. முதற்சோடியை நாளுக்கு நாலு தடவை திறந்து பார்த்த ஆசையே அதற்கு எமனாயிற்று. பனிக்காலத்தில் வெளியிலுள்ள குளிர்காற்றிற் நீராவி மிகக் குறைவு. அதனை வீட்டுக்குள் இழுத்துச் சூடேற்றும்போது அது வரண்ட காற்றாகிவிடுகின்றது. மூடி திறந்த ஒவ்வொரு தடவையும் அக்காற்று தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டது.

மருமகன் நல்லெண்ணத்தோடு ஈரப்பதன் காட்டும் சிறு கருவியொன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். அதனால் பயனில்லை என்று நான் சொன்னதை முதலில் அவர் நம்பவில்லை. மூடிய பெட்டியில் ஈரமான பொருளுக்கு மேலுள்ள காற்று ஏறக்குறைய முற்றாக நிரம்பிய காற்றாகவே இருக்கும். முட்டை கொழுத்து வளரும் ஈரநிலையிலும் நூற்றுக்கு 99க்கு மேல். முட்டை நீரிழந்து சுருங்கும் நிலையிலும் 99ஐ அண்டியே நிற்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒன்றளவுதானும் வராது. வீட்டுக் கருவியோ மூன்று நான்கு பங்கு பிழையாகக் காட்டக்கூடியது. உயிருக்கும் சாவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அதனாற் காணவியலாது. சமையலறைத் தராசு காணும்.

தராசிலும் சிறந்த கருவி முட்டையே. முதற் சில கிழமைகளில் மேற்புறம் குழிந்தால் தாகம் என்று அறிந்து, ஓரத்தில் நீர் விடவேண்டும். ஓரிரு நாளில் குழி நிரம்புவதும் உண்டு. முட்டை பளபளத்து, விறைத்து, கண்ணாடி போல் ஒளி ஊடுருவ நின்றாலோ, மேலே துளிகள் அரும்பினாலோ, ஈரம் மிகுந்தது. மூடியைச் சில மணிநேரம் சற்றே நீக்கிவைத்தல் நலம். பெட்டியின் மூடியில் நீர் கோத்து முட்டைமேல் விழுவது பெரும்பாலும் தண்ணீர் கூடியதால் அன்று, இரவும் பகலும் சூடு ஏறி இறங்குவதால். பெட்டியின் ஒரு பக்கத்தைச் சிறிது உயர்த்திவைத்தால் துளிகள் மூடியின்வழியே வழிந்து சுவரோரமாக இறங்கிவிடும். பூஞ்சணம் கண்டு பதறவேண்டியதில்லை. கருவில்லாத முட்டையிலேயே அது முதலிற் குடியேறும், கருவுள்ள முட்டை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சூட்டைப்பற்றி எழுதப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகும். 1966இல் மடலீன் சார்ணியே என்னும் பெண்மணி ஆபிரிக்கப் பல்லியொன்றின் முட்டைச்சூடு குஞ்சின் பாலை மாற்றுவதைக் கண்டு வெளியிட்டார். சிறுத்தைப் பல்லிக்கும் அவ்வியல்பு உண்டு; 26 பாகை செல்சியசில் ஏறக்குறைய எல்லாம் பெண்ணாகும், 32, 33 பாகையில் ஆணே மிகும். பேரன் 28 பாகையில் வைத்தான்.

இதனைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் எவரும் பற்றைக்குள் முட்டை தேடிப் புறப்படலாகாது. இந்நாட்டு ஊர்வனவற்றுட் பெரும்பாலானவை, 1937இல் இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் உள்ளன. பிடிப்பதும், வளர்ப்பதும், முட்டை எடுப்பதும் குற்றமாகும். நட்சத்திர ஆமையும், நம் மலைநாட்டுக்கே உரிய கொம்புமூக்கு ஓணான்கள் சிலவும் பிறநாட்டாரின் ஆசையால் அருகிப்போகும் நிலைக்கு வந்தமையின், 2019இல் சருவதேச வாணிபத் தடைப் பட்டியலின் உச்ச வரிசையிற் சேர்க்கப்பட்டன. ஆனால் வெங்காயப் பாத்தி கொத்தும்போது மண்வெட்டியில் வெள்ளை முட்டைக் குவியலொன்று அகப்படுவது யாருக்கும் நேரக்கூடியது. அப்போது கழுவவோ, உருட்டவோ வேண்டாம். எந்தப் புறம் மேலே இருந்ததோ அந்தப் புறமே மேலே இருக்க, அதே குழியில் வைத்து, அதே ஈரமண்ணாற் பொருபொருப்பாக மூடிவிடுங்கள். மண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டாம். மேலே வாளித் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். பாம்புமுட்டையோ என்ற ஐயம் உண்டாயின் கைவையாமல் விலகிக்கொள்வது உத்தமம்.

மூன்றாஞ்சோடியில் ஒன்று 55ஆம் நாள் பொரித்தது. அன்றிரவே பேரன் மீண்டும் அழைத்தான். மற்ற முட்டை குழிந்து, மேற்புறம் முழுவதும் வியர்த்திருப்பதாகச் சொன்னான். நீர் விடவோ என்று கேட்டான். கையிற் துளிவிடும் குழாயும் ஆயத்தம். முதற்சோடியின் நினைவு அவனுக்கு. இரண்டாஞ்சோடியின் நினைவு எனக்கு. பொரிக்குந் தறுவாயில் முட்டை குழிவதும் வியர்ப்பதும் இயல்பு என்று படித்திருந்தேன். ஆயினும் அதனைச் சொல்ல என் நா சற்றுத் தயங்கிற்று.

"விடு ராசா. மூடிப்போட்டுப் போய்ப் படு" என்றேன்.

மறுநாள் இங்கே பின்னேரமாயிருந்தது, அங்கே விடியற்காலை. மூடியைத் திறவாமலே பிளாஸ்ரிக் சுவரின் ஊடாகப் பார்த்ததாகச் சொன்னான். ஓட்டில் நேராக ஒரு கீறல்; அதன் வழியே மூக்கு நுனி. உச்சிப்பொழுதுக்குள் முழுவதும் வெளிவந்துவிட்டது. சமையலறைத் தராசில் வைத்து நிறுத்து, 246 என்று எழுதியிருந்த மூடியில் அதன் கீழே எழுதிவைத்தான்: 3 கிராம்.